கப்பல் இறங்கினால் மட்டும் குடியேறியதாகாது

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையொன்றின் குடும்பநாள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)

 

குடும்பநாளில் குடும்பத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். 38 ஆண்டுகள் உளி பிடித்த கை இது. எனக்குத் தெரிந்த குடும்பம் என் குடும்பம்தான். ஆகவே அதன் கதையையே சொல்லப் போகிறேன். கேட்டு முடிக்கும்போது, "இது நம் வீட்டுக் கதை அல்லவா!" என்று உங்களில் பாதிப்பேருக்காவது தோன்றும். தோன்றவில்லையென்றால் குறை என்னுடையது.

என் தகப்பனாரும் தாயாரும் 1937ஆம் ஆண்டில் இந்த நாட்டுக்கு வந்தார்கள். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். மானாவாரிக் காடு, மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கடன். அந்த ஊருக்கு ஒருநாள் கங்காணி வந்தார். கோட்டுப் போட்டிருந்தார், குடை வைத்திருந்தார், இடுப்பில் கடிகாரம் தொங்கியது. மலாயாவில் மரத்தைக் கீறினால் பால் வரும், பாலை ஊற்றினால் பணம் வரும் என்று சொன்னார். ஆக, அவர் சொன்னதில் பொய் இல்லை. யாருக்குப் பணம் வரும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை!

தகப்பனார், தாயார், இரண்டு வயது அண்ணன், கலியாணமாகாத என் சிறிய தகப்பனார் ஆகிய நான்கு பேரும் நாகப்பட்டினம் டிப்போவில் சில நாள் கிடந்துவிட்டு, ரஜூலா கப்பலில் ஏறினார்கள். தளத்தில்தான் பயணம். மழை வந்தால் நனைய வேண்டும், அலை வந்தால் உருள வேண்டும். இறங்கியதும் தோட்டத்துக்கு விடவில்லை. கொரண்டினில் வைத்து ஊசி போட்டு, துணியை அவித்து, நோயில்லை என்று கண்ட பிறகுதான் வெளியே விட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். 1907ஆம் ஆண்டிலேயே இந்தியக் குடியேற்ற நிதி என்று ஒரு நிதி ஏற்பட்டுவிட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, அந்தப் பணத்தில்தான் தொழிலாளிகளைக் கப்பலேற்றினார்கள். 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிமுறையும் ஒழிந்தது. ஆகவே 1937ஆம் ஆண்டில் வந்த என் தகப்பனார் கப்பல் சத்தத்துக்காக யாருக்கும் ஒரு காசு கடன்பட்டவர் அல்லர். ஆனால் அது அவருக்குத் தெரியாது! "உங்களை நான்தான் செலவழித்துக் கூட்டி வந்தேன்" என்று கங்காணி சொன்ன ஒரு சொல்லை நம்பி, பல ஆண்டுகள் அவர் முன்னால் குனிந்தே நின்றார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் அவருக்குத் தெரியாத சட்டம் அவருக்கு என்ன செய்யும்? பெட்டிக்குள் பூட்டிய சோறு பசியைத் தீர்க்குமா?

தோட்டத்தில் கொடுத்த வீடு லயத்தில் ஓர் அறை. ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை, அவ்வளவுதான். பத்துக் குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் பிள்ளை விழித்துக்கொள்ளும். முதல் நாள் இரவு தாயார் தூங்கவில்லையாம். காட்டுச் சத்தம், தவளைச் சத்தம், தகரக்கூரையில் மழைச் சத்தம். நாமக்கல் காட்டில் ஒரு வருஷத்தில் கேட்கும் மழையை அந்த ஓர் இரவில் கேட்டுவிட்டேன் என்று சொல்வார்.

விடியுமுன் பெரட்டுச் சத்தம். ஏன் அந்த இருட்டில் கிளம்ப வேண்டும் என்று என் தாயார் கேட்டதற்கு, பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் சொன்னாராம்: "வெயில் ஏறினா மரம் பாலைப் பிடிச்சுக்கும்டி. குளிர்ச்சியிருக்கும்போதே கீறணும்." பெரிய ஆராய்ச்சியாளர் சொல்வதும் அதுதான். விடியற்காலையில் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் என் தாயாருக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர்தான். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் முண்டு விழும். முண்டு விழுந்த மரத்தை மறுபடி வெட்ட முடியாது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஜில்லாவும் அல்ல, எங்கள் சாதியும் அல்ல. ஊரில் இருந்திருந்தால் ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் குடித்திருக்க மாட்டார்கள். ஆனால் பத்து வீட்டுக்கும் ஒரே குழாய்! அங்கே எந்தச் சாதி முதலில் குடம் வைப்பது? முதலில் எழுந்தவர் முதலில் வைத்தார். சாதி ஒழிந்தது என்று நான் சொல்லவில்லை. லயத்திலும் அது நெடுநாள் இருந்தது. ஆனால் அதன் முதல் கல் பெயர்ந்தது தண்ணீர்க் குழாயடியில்தான்.

சம்பளம் என்ன தெரியுமா? அந்தக் காலத்தில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே உளி, அதே மழை. பத்துக் காசு எதற்குக் குறைத்தார்கள்? பெண்ணாகப் பிறந்ததற்கு! மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் காசும் இல்லை. சாமான் எல்லாம் கடைக் கணக்குப் புத்தகத்தில். மாதக் கடைசியில் சம்பளம் வீட்டுக்கு வருமுன்னே கடைக்குப் போய்விடும்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது நீங்கள் அறிந்ததே. அப்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பளம் மட்டுமா இருந்தது? துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. எனக்கு அது மிகப் பெரிய கோரிக்கையாகத் தோன்றுகிறது. சம்பளம் கேட்பவன் வேலைக்கு வந்தவன். சைக்கிளைவிட்டு இறங்க மாட்டேன் என்பவன் வாழ வந்தவன்! அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடும் நடந்தது, உயிரும் போயிற்று, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். நாம் இன்று தலை நிமிர்ந்து நடக்கும் பாதையில் அவர்கள் இரத்தம் இருக்கிறது.

இனி என் தாயாரின் முருங்கைமரத்துக்கு வருகிறேன். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு முருங்கைக் கொம்பை வாங்கி லயத்துக்குப் பின்னால் நட்டார். தகப்பனார் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மூணு வருஷத்துல ஊருக்குப் போகப் போறோம். மரம் எதுக்கு?"

"மூணு வருஷத்துக்குப் புள்ளைக்குக் கீரை வேண்டாமா?" என்றார் தாயார்.

தோழர்களே, அந்த இரண்டு பேச்சிலும் நம் சமுதாயத்தின் சரித்திரமே அடங்கியிருக்கிறது. ஆண்கள் ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நாளைக் காலைக் கறிக்கு வழி தேடினார்கள். எண்ணியவர்கள் எண்ணிக்கொண்டேயிருக்க, நட்டவர்களின் மரம் வேர்விட்டது. கம்பத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் மலாய் அம்மாள் ஒருவருக்கு முருங்கைக் கீரையைக் கொடுத்து, கங்குங் கீரையைத் தாயார் வாங்கிக்கொள்வார். இவருக்கு அந்த மொழி தெரியாது, அவருக்கு இந்த மொழி தெரியாது. ஆனாலும் இரண்டு கீரைக்கும் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. பாசார், சாமான், பெலாச்சான் என்று ஒவ்வொரு சொல்லாக வீட்டுக்குள் வந்தது. காலையில் "பசியாறியாச்சா?" என்று நாம் கேட்டுக்கொள்கிறோமே, அப்படி ஒருவரையொருவர் கேட்டுக்கேட்டே லயம் ஓர் ஊராயிற்று.

நாம் மட்டுமா வந்தவர்கள்? நாம் வெட்டிய மரமே வந்த மரம்தான்! அதன் தாய்நாடு பிரேசில். 1876ஆம் ஆண்டில் விதை லண்டனுக்குப் போயிற்று. 1877ஆம் ஆண்டில் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த மரத்தைப் பார்த்து, "நீ எந்த ஊர்?" என்று யாரும் கேட்கவில்லை. வேர் பிடித்தது, பால் கொடுத்தது, இந்த நாட்டு மரமாயிற்று.

பிறகு ஜப்பான்காரன் காலம் வந்தது. 1943ஆம் ஆண்டில் என் தகப்பனாரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. தோட்டங்களிலிருந்து போன நம் மக்கள் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைத் தின்றன. தகப்பனார் திரும்பி வந்தார். வந்தபோது அண்ணன் அவரை அடையாளம் தெரியாமல் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டான். தாயார் மரவள்ளிக் கிழங்கையும் முருங்கைக் கீரையையும் வைத்துத்தான் அந்த மூன்று வருஷத்தை ஓட்டினார். அண்ணனுக்குப் பிறகு பிறந்த பெண்குழந்தை ஒன்று அந்தக் காலத்தில் காய்ச்சலில் இறந்துபோயிற்று. தோட்டத்துச் சுடுகாட்டில் ஒரு ரப்பர் மரத்தடியில் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு தாயார் ஒருநாளும் "ஊருக்குப் போவோம்" என்று சொன்னதில்லை. ஏன் என்று நான் வளர்ந்த பிறகு ஒருமுறை கேட்டேன். "அவளைத் தனியா விட்டுட்டா?" என்று மட்டும் சொன்னார்.

நான் பிறந்தது 1949ஆம் ஆண்டில், அவசரகாலத்தில். கம்பிவேலிக்குள் லயம், கேட்டில் காவல், அடையாளக் கார்டு இல்லாமல் வெளியே போக முடியாது. அந்தக் கார்டை நம் ஜனங்கள் ஒரு தொல்லையாகத்தான் பார்த்தார்கள். காகிதத்தின் அருமை பின்னால்தான் தெரிந்தது.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மெர்டேக்கா வந்தது. இந்நாட்டில் வாழ்ந்தவர்கள் பிரஜாவுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சட்டம் வழி திறந்துவிட்டது. இங்கே பிறந்தவர்கள் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்வு வேண்டாம். என் தகப்பனாரைப்போல் வெளியே பிறந்தவர்கள் 12 ஆண்டில் 8 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், கொஞ்சம் மலாய் பேசவும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது எங்கள் தோட்டத்தில் ஒரு கிராணி இருந்தார். பகலெல்லாம் ஆபீஸ் வேலை. இரவு எட்டு மணிக்குமேல் விளக்கை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். வருபவர்களுக்கெல்லாம் பாரம் எழுதிக் கொடுப்பார். ஒரு காசு வாங்கமாட்டார். எந்தக் கப்பலில் வந்தாய், எந்த ஆண்டு வந்தாய், முதலில் எந்தத் தோட்டம் என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். தகப்பனாருக்கு வந்த ஆண்டு நினைவில்லை. தாயார்தான், "மூத்தவனுக்கு ரெண்டு வயசு, பொங்கல் முடிஞ்ச மாசம்" என்று எடுத்துக்கொடுத்தார். அந்தக் கிராணியே தகப்பனாருக்கு மலாயும் சொல்லிக்கொடுத்தார். பேர் என்ன, வேலை என்ன, பிள்ளைகள் எத்தனை. தகப்பனார் நிரையில் மரத்துக்கு மரம் அதைச் சொல்லிக்கொண்டே போவார். நான் மங்கு துடைத்துக்கொண்டே பின்னால் போவேன். எனக்கு முன்பே பாடமாகிவிட்டது!

அதிகாரி முன்னால் போய் நின்றபோது, "என்ன வேலை?" என்று மலாயில் கேட்டாராம். "மெனோரே கெத்தா, துவான்" என்று தகப்பனார் சொன்னார். "ஆனாக் அடா பெராப்பா?" என்று அடுத்த கேள்வி. தகப்பனார் உடனே பதில் சொல்லவில்லை. இருக்கும் பிள்ளைகளை மட்டும் சொல்வதா, மண்ணுக்குள் இருப்பதையும் சேர்ப்பதா என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டாராம். அதிகாரி மொழி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு விரலை நீட்டிக் காட்டினார். தகப்பனார் இரண்டு விரல் காட்டினார். தேறிவிட்டார். பிறகு தாயாரையும் எங்களையும் பதிந்தார்.

என் சிறிய தகப்பனார் போகவில்லை. கிராணி மூன்று முறை ஆள் அனுப்பினார். "நான் எப்படியும் ஊருக்குப் போகப் போறவன். எனக்கு எதுக்குக் காகிதம்? உளி பிடிக்கிற கைக்கு ரேகை போதாதா?" என்றார். அவரைக் குறை சொல்லாதீர்கள். நல்ல மனிதர், தோட்டத்திலேயே நல்ல வெட்டுக்காரர். அவர் வெட்டிய மரத்தில் ஒரு முண்டு பார்க்க முடியாது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த அந்த நாட்களில், 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு எங்கள் லயத்தில் முதலில் பத்து வெள்ளி கட்டியவரும் அவர்தான். இந்த மண்ணில் பங்கு வாங்கப் பணம் கட்டினார். இந்த மண்ணில் இருக்க உரிமை வாங்கவில்லை. கையில் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்துவிட்டார்.

1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். 1969ஆம் ஆண்டில் அது தோட்டத்துக்குள் நுழைந்தது. பெர்மிட் கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை நாளைக்கு, கிடைக்காவிட்டால் லயத்தைக் காலி செய்யச் சொல்வார்களா என்ற பயத்திலேயே பலர் மூட்டை கட்டினார்கள். என் சிறிய தகப்பனாரும் கட்டினார். 33 ஆண்டு பால் வெட்டியவருக்கு மூட்டை எவ்வளவு பெரிது என்று நினைக்கிறீர்கள்? இரண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருள்.

அவருக்கு நான்கு பிள்ளைகள். கடைசி இரண்டு பேரும் மெர்டேக்காவுக்குப் பின் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அப்போதைய சட்டப்படி பிறப்பாலேயே இந்த நாட்டுப் பிரஜைகள். ஆனால் தாயும் தகப்பனும் கப்பலேறும்போது பத்து வயதுப் பிள்ளை லயத்தில் தனியாக நின்று, "நான் பிரஜை" என்று சொல்லுமா? 1970ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அவர்களை அனுப்பிவைத்தேன். அதே ரஜூலா கப்பல்! வந்தபோது ஒண்டி ஆள். போகும்போது ஆறு பேர்.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நாமக்கல் பக்கத்து மண்ணில் ரப்பர் மரம் ஏது? கையிலிருந்த தொழிலுக்கு அங்கே மதிப்பில்லை. கிணறு வெட்டும் கூலிக்குப் போகிறாராம். பிள்ளைகள் காலையில் "பசியாறலாம்" என்றால் பள்ளியில் சிரிக்கிறார்களாம். அவர் வீட்டுக்கு ஊரார் வைத்த பெயர் மலாயாக்காரர் வீடு. கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தார்: "பிள்ளைகள் ஊருக்கு எப்போது போவோம் என்று கேட்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் நம் தோட்டத்தின் பெயரைச் சொல்கிறார்கள்."

தோழர்களே! எந்த ஊருக்குத் திரும்புவதற்காகக் காகிதம் வேண்டாம் என்றாரோ, அந்த ஊர் அவர் பிள்ளைகளுக்கு அயல்நாடு ஆகிவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே கப்பலில் வந்தார்கள், ஒரே லயத்தில் இருந்தார்கள், ஒரே நிரையில் வெட்டினார்கள். ஒரே ஒரு காகிதம். ஒரு குடும்பம் இங்கே, ஒரு குடும்பம் அங்கே. என் தாயாருடைய மரம் இருந்தது. சிறிய தாயார் நட்ட கறிவேப்பிலையை யாரோ பிடுங்கி எறிந்தார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். நான் இதைச் சொல்ல வந்ததே இன்றைய காரியத்துக்காகத்தான்.

முதலாவது, காகிதம். இன்றும் நம்மில் காகிதம் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்படி இருப்பார்கள் என்று கேட்காதீர்கள், காரணங்களைச் சொல்கிறேன். கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாளிலிருந்து திருமணத்தைப் பதிவது சட்டம். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனுடைய குடியுரிமை சேராது, தாயைப் பார்ப்பார்கள். தாய்க்கும் காகிதம் இல்லையென்றால் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். ஊரறிய நடந்த கலியாணம்தான். ஆனால் பதிவுப் புத்தகம் அறியவில்லையே! தாய்மார்களே, தாலியும் வேண்டும், தாளும் வேண்டும்.

பிள்ளை பிறந்தால் தீபகற்பத்தில் 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதற்குப் பின் போனால் காலங்கடந்த பதிவு, அலைச்சலும் விசாரணையும். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். பெயர் எழுதும்போது எழுத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் சூராவில் தகப்பன் பெயர் மூன்று விதமாக இருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தத் தகப்பன் செத்தபோது, சேமநிதிப் பணம் வாங்க அவர்கள் தாங்கள் உடன்பிறந்தவர்கள் என்று நிரூபிக்க நடையாய் நடந்தார்கள்.

கிராணிமார்களே, இங்கே உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் பேனாவின் ஒரு சுழி ஒரு குடும்பத்தின் தலையெழுத்து. அன்று திண்ணையில் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை எந்த மந்திரியும் செய்யவில்லை. வெட்டுக்காரருக்கும் கிராணிக்கும் நடுவில் அந்தக் காலத்தில் ஒரு கோடு இருந்தது. அவர் ஒரு மை புட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டி வந்தார். இன்று பாரமெல்லாம் கணினியில் வந்துவிட்டது. கணினி முன்னால் திகைத்து நிற்கும் கிழவிக்கு இன்றும் ஒரு திண்ணைக் கிராணி தேவை.

இரண்டாவது, புதிதாக வந்தவர்கள். நம் நாட்டில் ரப்பர் இன்று பெரும்பாலும் சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது. பெரிய தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள். நாம் இருந்த லயங்களில் இன்று இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் இருக்கிறார்கள். ஏஜண்டுக்குக் கடன்பட்டு வருகிறார்கள். அந்த ஏஜண்டு யார்? கோட்டையும் குடையையும் கழற்றிவிட்ட நம் பழைய கங்காணிதான்! நமக்காவது குடும்பத்தோடு வர வழியிருந்தது. இவர்களுக்கு மனைவி மக்களை அழைத்துவர அனுமதி இல்லை. பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள்.

நம்மில் சிலர் அவர்களைக் கேலிப்பெயர் வைத்துக் கூப்பிடுவதைக் கேட்கிறேன். நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: நம்மையும் ஒரு பெயரால் கூப்பிட்டார்களே, அது நினைவில்லையா? அது எரிந்த இடம் ஆறிவிட்டதா?

இது இரக்கத்துக்கான பேச்சு மட்டும் அல்ல, கணக்குப் பேச்சும்கூட. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆயிற்று. தோட்டத்தில் வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் அது உண்டு. அவருக்குத் தெரியாமல் 1,200 கொடுத்தால் நட்டம் அவருக்கு மட்டுமா? மலிவான கை கிடைக்கும்போது உங்கள் கையை யார் தேடுவார்? அவருடைய பாஸ்போர்ட்டை இன்னொருவர் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அவர் சங்கத்தில் சேரத் தடை இல்லை. இவற்றை அவருக்கு யார் சொல்வது? சட்டம் தன் பக்கம் இருந்தும் தெரியாமல் குனிந்து நின்ற ஒருவரின் மகன் நான். ஆகவே நான் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1990களில் எங்கள் லயத்தை இடித்தார்கள். அந்த நிலத்தில் இன்று மாடிவீடுகள் நிற்கின்றன. வெளியேறிய நாளில் சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டோம். தாயாரைக் காணோம். தேடிப்போனால், லயத்துக்குப் பின்னால் அரிவாளோடு நிற்கிறார். முருங்கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கொம்பை வெட்டிக்கொண்டிருக்கிறார். "அம்மா, நாம போறது அடுக்குமாடி வீடு. மரம் எங்கே நடுவீங்க?" என்றேன். என் தகப்பனார் சிரித்த அதே சிரிப்பு எனக்கும் வந்திருக்க வேண்டும்.

"கீழே மண்ணில்லாமயா வீடு கட்டியிருப்பான்?" என்றார்.

அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்து ஓரத்தில் அதை நட்டார். தாயார் இன்று இல்லை. மரம் இருக்கிறது. நான்கு மாடிக்காரர்களும் கீரை பறிக்கிறார்கள். மலாய்க்காரர் வீட்டிலும் சமைக்கிறார்கள். கீழ்வீட்டில் தங்கியிருக்கும் நேப்பாளத்துத் தம்பிகளும் பறித்துக்கொண்டு போகிறார்கள். யாருடைய மரம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நாடு பிடித்துப்போவது ஒரே நாளில் நடக்கிற காரியம் அல்ல. ஒரு கொம்பு, ஒரு சொல், ஒரு காகிதம், பக்கத்து வீட்டாரோடு ஒரு பிடி கீரை என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது நடக்கிறது. இவற்றில் எதை விட்டாலும் அந்த இடத்தில் முண்டு விழும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளை அலுவலகத்தில் இரண்டு மேசை போடச் சொல்லியிருக்கிறேன். கிராணிமார் மூன்று பேர் வருவதாக வாக்களித்திருக்கிறார்கள். வீட்டில் தகரப் பெட்டியிலும் அலமாரியிலும் இருக்கும் காகிதங்களையெல்லாம் எடுத்து வாருங்கள். பிறப்புச் சூரா, கலியாணப் பதிவு, அடையாளக் கார்டு எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்துப் பார்ப்போம். காகிதமே இல்லாதவர்களும் வெட்கப்படாமல் வாருங்கள். உங்களுக்காகத்தான் மேசையே போடுகிறோம். பக்கத்து வீட்டில் புதிதாக வந்தவர் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். பசியாறலும் அங்கேயே ஏற்பாடு செய்திருக்கிறோம்.